அறிதுயிலும் நினைவு மீட்பும்
ஹிப்னாடிசம் எனப்படும் அறிதுயில் மறந்ததை மீட்டுத்தரும் என்ற நம்பிக்கைக்கு வலுவூட்டியது, 1976இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லாவில் நடந்த கடத்தல். 26 குழந்தைகளோடு கடத்தப்பட்ட பள்ளிப் பேருந்து ஓட்டுநர் எட் ரே, அறிதுயிலில், கடத்தியவர்களின் ஒரு வேனின் எண்ணை ஒரே ஓர் இலக்கம் தவிர முழுதும் சொன்னார். இது அரிய வெற்றி. அறிதுயிலில் தகவல் கூடினால் பிழையும் கூடுகிறது. கேட்பவர் கோடிகாட்டியதே நினைவாகப் படிந்துவிடும். பிழையைவிட ஆபத்தானது, அதன்மேல் சாட்சிக்கு வரும் அசையாத உறுதி. குறுக்கு விசாரணையாலும் அதை அசைப்பது கடினம். 1982இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் இத்தகைய சாட்சியத்தைப் பெரும்பாலும் விலக்கியது.

மூளைத் தூண்டலின் கதையும் ஏறக்குறைய இதுவே. மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, அறுவையின்போது விழித்திருந்த வலிப்பு நோயாளிகளின் மூளையில் பொட்டுமடல் எனும் பக்கவாட்டுப் பகுதியில் மின்முனையை வைத்தபோது, சிலருக்குப் பழகிய பாட்டு காதில் ஒலித்தது. பொட்டுமடல் ஆராயப்பட்ட 520 பேரில் 40 பேருக்கே அத்தகைய அனுபவம் வாய்த்தது. அவை உண்மை நினைவுகளா, கனவுபோல் மூளை கோத்தவையா என்பது இன்றும் விவாதமே.