வத்திராயிருப்புக்குச் செல்லும் பாதைகள்: மாவட்ட வரலாறும் கோப்படைவும்

வத்திராயிருப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, முகவரிதான் மாறியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தோடு அது 1910இல் திருநெல்வேலி மாவட்டத்தினின்று இராமநாதபுரத்திற்கும், 1985இல் புதிய காமராசர் மாவட்டத்திற்கும் சென்றது. 1997இல் அம்மாவட்டம் விருதுநகர் எனப் பெயர் மட்டும் மாறியது.

ஆவணங்களின் மின்படிகளை மாவட்டவாரியாக அடைவுகளில் வைப்போர்க்கு இவ்வேறுபாடு முதன்மையானது. யுனிக்ஸின் முதற்பதிப்புக் கையேட்டிலேயே (1971) இடம்பெற்ற ‘எம்வி’ கட்டளையோ இடமாற்றம், பெயர்மாற்றம் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். ‘எம்வி காமராசர் விருதுநகர்’ எனத் தட்டினால் அடைவின் பெயர் மாறும். விருதுநகர் அடைவு முன்பே இருப்பின், காமராசர் அதனுள் புகுந்துவிடும். எவ்வாறாயினும், பழைய பாதையைச் சுட்டிய ஆய்வேட்டின் அடிக்குறிப்பு அக்கணமே பயனிழக்கும். 1983இல் 4.2 பிஎஸ்டி பதிப்பில் வெளிவந்த குறியீட்டு இணைப்பு இதற்கு வழி செய்தது: பெயர் மாற்றியபின் ‘எல்என் -எஸ் விருதுநகர் காமராசர்’ எனக் கட்டளையிட்டால், பழைய பெயரில் தேடுவோரும் அதே கோப்புகளை அடைவர்.

1910க்கு முந்தைய வருவாய் ஆவணங்களின் நிலை வேறு. அவற்றை இன்றைய மாவட்ட அடைவுக்கு நகர்த்தினால், உருவாக்கிய அலுவலகம் எதுவென்பது மறைந்துவிடும். அவற்றைத் திருநெல்வேலி அடைவிலேயே விட்டு, விருதுநகரிலிருந்து இணைப்பு மட்டும் தருவதே முறை.