ஜகாட்: தோட்டம் போன பிறகு

மாமாவுக்குப் படம் பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வராது. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்தது தோட்டத்து லயத்தில். ‘ஜகாட்’ படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டியபோது முதல் அரை மணி நேரம் வழக்கம்போலப் பேசிக்கொண்டேதான் இருந்தார். அப்பா மகனை அடிக்கும் இடம் வந்ததும் பேச்சு நின்றது.

“ஏன் அடிக்கிறான்னு தெரியுதா உனக்கு?”

“படிக்கலன்னுதான் மாமா.”

“அது இல்லலா. பயத்துல அடிக்கிறான்.”

அதுவரை நானும் மற்றவர்களைப்போல அதை ஒரு கேங்ஸ்டர் படமாகத்தான் வைத்திருந்தேன்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. 2015 டிசம்பரில், உலகமே ஸ்டார் வார்ஸுக்கு வரிசையில் நின்ற வாரத்தில், மலேசியத் திரையரங்குகளுக்கு வந்தது. கதை நடப்பது 1990களின் தொடக்கத்தில். அப்போய்க்கு 12 வயது. கற்பனையும் குறும்பும் நிறைந்த பையன். பள்ளிக்கூடம் கேட்கும் விதத்தில் படிப்பு மட்டும் வராது. அப்பா மணியத்துக்கு மகன் படித்தே ஆக வேண்டும். சித்தப்பாக்களில் ஒருவர் போதையில் விழுந்து எழுந்து ஒதுங்கிப்போனவர். இன்னொருவர் மெக்சிகோ, குண்டர் கும்பலில் இருப்பவர். பையனின் கண்ணுக்கு யார் நாயகனாகத் தெரிவார் என்று சொல்லத் தேவையில்லை. முடிவை நான் சொல்லப்போவதும் இல்லை.

மாமா சொன்ன பயம் எங்கிருந்து வந்தது என்று படம் நமக்குப் பாடம் எடுப்பதில்லை. அதனால்தான் வெளியூர்க்காரர்கள், ஏன், இங்கேயே பிறந்த என் வயதுக்காரர்களும்கூட, அதைத் தவறவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

பினாங்குக்கு வருபவர்கள் ஜார்ஜ் டவுனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஃபெர்ரி ஏறி இந்தக் கரைக்கு வந்தால் பட்டர்வொர்த், பக்கத்திலேயே மாக் மண்டின். செபராங் பிறை என்று இன்று அழைக்கப்படும் இந்தப் பெருநிலத்துக்கு அன்றைய ஆங்கிலேயர் வைத்த பெயர் புரோவின்ஸ் வெல்லெஸ்லி. ரப்பர் வருவதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வந்து இறங்கிய நிலம் இது. அந்தப் பத்து காவானில் இன்று தொழிற்பேட்டையும் இரண்டாவது பாலத்தின் முனையும் இருக்கின்றன. கரும்புக்குப் பிறகு ரப்பர், ரப்பருக்குப் பிறகு செம்பனை. ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை ஆளெடுப்பை 1938இல் இந்தியா நிறுத்தியது. வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லயங்களிலேயே இருந்தார்கள்.

லயம் என்றால் வரிசை வீடு என்று மட்டும் புரிந்துகொண்டால் போதாது. வீடு தோட்டத்துடையது. ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, கோயில் நிற்கும் நிலம், எல்லாமே தோட்டத்துடையது. பள்ளிகூட அப்படித்தான் வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1912இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஒரு தகரக் கொட்டகையும் ஒரு வாத்தியாரும் இருந்தால் சட்டத்துக்குப் போதும். பால் வெட்டுபவரின் மகன் பால் வெட்டுவதற்கு அதற்கு மேல் என்ன தேவை என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்குக்குள் ஒரு கொடுமையான பாதுகாப்பும் இருந்தது. மகன் படிக்காவிட்டாலும் மரம் இருந்தது. தோட்டத்தை வீட்டு மனைக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்றபோது வேலை மட்டுமா போனது? வீடு, பள்ளி, கோயில், பக்கத்து வீட்டுப் பெரியம்மா எல்லாம் சேர்ந்தே போயின. 1980க்கும் 2000க்கும் இடையில் இப்படி வெளியேறியவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்பது ஆய்வுகளில் அடிக்கடி காணும் கணக்கு. பலர் போய்ச் சேர்ந்த இடம் நகரத்து ஓரப் புறம்போக்கு. மணியம் நிற்பது அங்கேதான். தோட்டத்தில் அவருடைய அப்பாவுக்கு மகனின் பரீட்சை பற்றிக் கவலை இருந்திருக்காது. மணியத்துக்கோ அது ஒன்றுதான் கதவு. அந்தக் கதவைத் திறக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அடி.

இன்னொரு தமிழ்ப் படத்தை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’, 2005. அதில் 1960களின் தோட்டத்துப் பெண் ஒருத்தி பல்கலைக்கழகத்துக்குப் போக ஆசைப்படுகிறாள். அங்கே படிப்பு ஒரு கனவு. முப்பது வருடம் கழித்து ‘ஜகாட்’டில் அதே படிப்பு மிரட்டலாகிவிடுகிறது.

தலைப்பையும் கவனியுங்கள். மலாயில் ‘ஜஹாட்’ என்றால் கெட்டது. நம் தமிழ் நாக்கில் அது ‘ஜகாட்’. சென்னைத் தமிழைக் கடன் வாங்காமல், மலாய்ச் சொற்கள் தாமாக வந்து விழும் நம் பேச்சிலேயே படம் பேசுகிறது. ‘ஜகாட் பையன்’ என்று ஊர் சொல்லும்போது அதில் பாதி செல்லமும் இருக்கும். அது எந்த வயதில் முழு வசையாகிறது என்பதைத்தான் படம் பார்க்கிறது.

2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழா இப்படத்தை முதலில் ‘மலாய் அல்லாத மொழிப் படம்’ என்ற தனிப் பிரிவில் ஒதுக்கியது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஒளிப்பதிவாளர் முகமது நூர் காசிம் தான் பெற்ற பழைய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். ஏற்பாட்டாளர்கள் இறங்கி வந்தார்கள். கடைசியில் சிறந்த மலேசியப் படமும் சிறந்த புதுமுக இயக்குநரும் ‘ஜகாட்’டுக்கே. நல்ல வெற்றிதான். ஆனால் அதன்பிறகு படத்தின் பெயரைச் சொன்னாலே விருதுச் சண்டைதான் பேச்சு. மணியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

குறையே இல்லாத படமா என்றால் இல்லை. கும்பல் மோதல் காட்சிகள் எனக்கு வேறு படங்களை ஞாபகப்படுத்தின. அப்போயும் அவன் அப்பாவும் ஒரே கூரைக்குள் இருக்கும் நேரங்களுக்காகப் பாருங்கள். முடிந்தால் வீட்டில் ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

படம் முடிந்ததும் மாமா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். தன் மகனுக்கு ஃபோன் போட்டார். ஜொகூரில் இருக்கிறார் அண்ணன்.

“சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.