பெயர் மறைத்த பதின்மூன்று கவிதைகள்

1887-இல் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் எட்வர்டு ஃப்ரீமன் கடும் எரிச்சலில் இருந்தார். ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பட்டப்படிப்பாக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. கிரேக்கம், லத்தீன் படித்தால் அது படிப்பு. கவிஞர் ஷெல்லியைப் பற்றி அரட்டை அடிப்பதற்கெல்லாம் பட்டமா என்பது அவர் கட்சி. கிண்டலை ஒதுக்கிவிட்டாலும் அவர் வாதத்தில் ஒரு முள் இருந்தது. ரசனைக்கு எப்படிப் பரீட்சை வைப்பது?

ஆக்ஸ்ஃபர்டு 1890-களில் அந்தப் படிப்பைத் தொடங்கத்தான் செய்தது. பழைய ஆங்கிலத்தையும் மொழி வரலாற்றையும் மூட்டை மூட்டையாக ஏற்றி, பாடத்தைக் கடினமாக்கி, கேள்வியை ஓரங்கட்டியது. கேம்பிரிட்ஜ் இன்னும் தாமதம். பத்திரிகை அதிபர் ஹெரால்டு ஹாம்ஸ்வொர்த் கொடுத்த பணத்தில் 1911-இல் அங்கே ஓர் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் நாற்காலி வந்தது. அதில் முதலில் உட்கார்ந்தவர் அடுத்த வருடமே இறந்துபோனார். 1917-இல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, புதிய ஆங்கிலப் படிப்புக்கு அனுமதி கிடைத்தது. போர் முடிந்து மாணவர்கள் திரும்பினார்கள். பாடம் நடத்தத்தான் போதிய ஆள் இல்லை.

1919-இல் மான்ஸ்ஃபீல்டு ஃபோர்ப்ஸ் என்ற ஆசிரியரின் அறைக்கு ஓர் இளைஞர் வந்தார். பெயர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். படித்தது தத்துவமும் உளவியலும். நடுவில் காசநோய் வந்து படிப்பையே முறித்துப் போட்டிருந்தது. அவருடைய கனவில் இலக்கியம் இல்லை. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் மலையேறுபவர்களுக்கு வழிகாட்டியாகப் பிழைக்கலாம் என்று முடிவு கட்டியிருந்தார். அந்தப் பக்கத்து நிலக்கிழார்களுக்கு அறிமுகக் கடிதம் கேட்டுத்தான் வந்தார். ஃபோர்ப்ஸும் எழுதிக் கொடுத்தார். கணப்பருகே உட்கார்ந்து பேச்சு எப்படியோ கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்குத் தாவியது. இரண்டு மணி நேரம் கழித்து ஃபோர்ப்ஸ் அந்தக் கடிதங்களை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

மலைக்குப் போகவிருந்தவர் வகுப்பறைக்கு வந்தார். அதுவும் சம்பளமில்லாத வேலை. வந்து கேட்கிற தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துக்கொள்ளலாம். நல்லவேளையாகக் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆனால் ரிச்சர்ட்ஸுக்கு ஓர் உறுத்தல் இருந்தது. மாணவர்கள் ஜான் டன்னைப் புகழ்ந்தார்கள், ஷெல்லியைப் புகழ்ந்தார்கள். கவிதையைப் படித்துத்தான் புகழ்கிறார்களா, பெயரைப் பார்த்தா?

1920-களின் நடுவில் அதைச் சோதித்துப் பார்த்தார். அச்சடித்த தாள்களில் வாரத்துக்கு நான்கு கவிதைகள் வரை போயின. கவிஞர் பெயர் இல்லை, காலம் இல்லை. பழைய எழுத்துக்கூட்டல் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதையும் திருத்திவிட்டார். ஒரு வாரம் வைத்திருந்து, தோன்றியதை எழுதி, எத்தனை தடவை படித்தார்கள் என்பதையும் குறித்துத் திருப்பித் தர வேண்டும். பெரும்பாலோர் ஆங்கில இலக்கியமே படித்துக்கொண்டிருந்தவர்கள். தாள்கள் திரும்பி வந்தன.

வந்தது பேரிடி. டன்னின் புகழ்பெற்ற சானெட் பலருக்குப் பிடிபடவே இல்லை. ஹாப்கின்ஸையும் வைதார்கள். லாங்ஃபெல்லோவைக் கிட்டத்தட்ட எல்லோருமாகச் சேர்ந்து கிழித்துத் தொங்கவிட்டார்கள். போர்க்களத்தில் சிப்பாய்களுக்கு சிகரெட் விநியோகித்துப் பேர் வாங்கிய ஸ்டடர்ட் கென்னடி பாதிரியாரின் சாதாரணச் செய்யுளுக்கோ பாராட்டு குவிந்தது. வேறொருவராக இருந்தால் பையன்களைத் திட்டிவிட்டுத் தாள்களைக் குப்பையில் போட்டிருப்பார். உளவியல் படித்தவர் அவற்றைப் பத்திரமாகக் கட்டி வைத்தார்.

நேர்ப்பொருளையே தவறவிடுவது, சொந்த நினைவுகளைக் கவிதைமேல் ஏற்றுவது, அழுகையில் வழுக்கி விழுவது, தயாராக வைத்திருக்கும் உணர்ச்சியைக் கொட்டுவது என்று பத்து வகைத் தடங்கல்களைப் பிரித்தார். நோயாளி கவிதை அல்ல, வாசகர் என்பதே அவருடைய தீர்ப்பு. இத்தனைக்கும் நடுவே மலையும் அவரை விடவில்லை. 1928 கோடையில், அதுவரை யாரும் வெற்றிகரமாக ஏறாத ஆல்ப்ஸின் டான் பிளான்ஷ் வடக்கு முகட்டை மனைவி டாரதியோடு ஏறினார். அடுத்த வருடம், பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த அந்தத் தாள்கள் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்ற புத்தகமாயின. அவை கிளப்பிய புயல் அதற்கு முன்பே அவர் அறைக்குள் நுழைந்திருந்தது.

அந்தப் புயலின் பெயர் வில்லியம் எம்ப்சன், கணிதத்தை விட்டு இலக்கியத்துக்கு மாறிய பையன். ஷேக்ஸ்பியரின் ஒரே சானெட்டிலிருந்து அர்த்தத்துக்கு மேல் அர்த்தமாக உருவிக் காட்டினான். போய் எழுதிக்கொண்டு வா என்றார் ஆசிரியர். சில வாரங்களில் தட்டச்சுத் தாள்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். அது 1930-இல் புத்தகமாவதற்குள் அறையில் கருத்தடைச் சாதனம் கிடைத்ததென்று கல்லூரி அவனைத் துரத்திவிட்டது! பெயர் மறைத்துப் படிக்கும் பழக்கமோ அமெரிக்காவுக்குக் கப்பலேறி ‘நியூ கிரிட்டிசிசம்’ என்ற விமர்சனப் போக்குக்கு வித்தானது. கேம்பிரிட்ஜில் தேர்வுத் தாளாகவே உட்கார்ந்தது.

இன்று எம்.ஏ. ஆங்கிலத் தேர்விலும் நெட் தேர்விலும் முன்பின் பார்த்திராத ஒரு கவிதையைக் கொடுத்துக் கேள்வி கேட்கிறார்களே, அந்த ‘அன்சீன் பொயம்’ பிறந்தது இப்படித்தான். ரசனைக்குப் பரீட்சை வைக்கும் வழி, பரீட்சையாகவே வைக்காத ஒரு சோதனையிலிருந்து வந்தது. ரிச்சர்ட்ஸின் தாள்களில் கவிஞர் பெயர் மட்டுமல்ல, எழுதிய மாணவர் பெயரும் வெளியே வரவில்லை; மதிப்பெண்ணும் கிடையாது. தேர்வுத் துறைகள் கவிஞரின் பெயரை மட்டும் மறைத்துக்கொண்டு, மாணவருக்குப் பதிவெண் போட்டுவிட்டன.