இகழ் என்பது வசையா? புகழின் எதிர்ச்சொற்கள் குறித்து

புகழ் என்பதன் எதிர்ச்சொல் இகழ் என்று பள்ளியிலேயே எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம். பழைய நூல்களைப் புரட்டினால் விடை அவ்வளவு எளிதாக இல்லை. புகழுக்கு எதிரே பழி நிற்கிறது. புகழைக் குறிக்கும் இசைக்கு எதிரே வசை. இகழ்தலுக்கோ ஓரிடத்தில் வியத்தலே இணை. இவற்றுள் இகழ் என்ற சொல்லின் அடிப்பொருள் ஏசுதல் அன்று, பொருட்படுத்தாமை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் புகழ் என்ற சொல்லின் பிறப்பு. 'சொல்லுதல்' என்று பொருள்படும் புகல் என்பதோடு புகழை முடிச்சுப் போடத் தோன்றும். பொருள் பொருந்துகிறது, ஒலி இடங்கொடுக்கவில்லை. இச்சொல் மலையாளத்திலும் புகழ், பழங்கன்னடத்தில் பொகழ், இன்று ஹொகளு, தெலுங்கில் பொகடு. தமிழின் ஏழு தெலுங்கில் ஏடு, கோழி அங்கே கோடி. நம் ழகரத்துக்குத் தெலுங்கில் டகரம் நேர்நிற்பது அறிந்த விதி. ஆகவே பொகடு என்பதன் பின்னே இருப்பதும் ழகரமே. முதலெழுத்தில் உகரம் ஒகரமாவது தமிழ்ப் புகை, தெலுங்குப் பொக என்பதிலும் கண்டதுதான். புகழும் இகழும் ஒரே ஓசையில் முடிவதால் அவை ஒரே வேரில் கிளைத்தவை என்று கொள்ளவும் சான்று இல்லை. எதுகை இன்பத்தை வேர்ச்சொல் ஆய்வாக எண்ணும் பழக்கம் நம்மிடம் சற்று அதிகம்.

தொல்காப்பிய உரியியல் சீர்த்தி என்ற சொல்லுக்கு மிக்க புகழ் என்று பொருள் கூறுகிறது. புகழைக் கொண்டு இன்னொரு சொல்லை விளக்குவதால், அன்றே அது எல்லாரும் அறிந்த சொல்லாக இருந்தது தெளிவு.

இனி எதிர்ச்சொற்கள். திருக்குறளில் இல்லறவியலை முடித்துவைப்பது 24ஆம் அதிகாரமாகிய புகழ். அதில் 238, 239, 240 ஆகிய மூன்று குறள்களிலும் இசையும் வசையும் எதிரெதிரே நிற்கின்றன. 237இல் மட்டும் புகழுக்கு எதிரே இகழ் வருகிறது. பழி என்ற சொல் அந்த அதிகாரத்தில் ஓரிடத்திலும் இல்லை. 238ஆம் குறளின் கருத்து கூர்ந்து நோக்கத்தக்கது: இசையைப் பெறாமல் போவதே வசை என்கிறது அது. யாரும் யாரையும் ஏசத் தேவையில்லை, பேசப்படாமையே போதும்.

பழி வேறு வகை. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் புறநானூற்றுப் பாட்டில் (182) புகழுக்கு எதிராக நிற்பது அதுவே. புகழுக்காக உயிரைத் தருபவர், உலகமே கிடைப்பதானாலும் பழியை ஏற்கமாட்டார் என்பது அங்கே கருத்து. செயலால் வந்து சேரும் கறை பழி. பிறர் வாயிலிருந்து வருவது வசை.

இகழ் இவ்விரண்டிலும் அடங்காது. பொச்சாவாமை (மறவாமை) அதிகாரத்தில் 538ஆம் குறளைப் பார்ப்போம். சான்றோர் புகழ்ந்தவற்றைப் போற்றிச் செய்யவேண்டும், செய்யாமல் இகழ்ந்தவர்க்கு நன்மை இல்லை என்பது அதன் கருத்து. புகழ், போற்று, இகழ் மூன்றும் ஒரே குறளில் சந்திக்கின்றன. அங்கே இகழ்ந்தவர் யாரையும் திட்டியவர் அல்லர். செய்யவேண்டியதை மறந்து விட்டவர். பரிமேலழகரும் மறத்தல் என்றே உரை கொள்கிறார். அடுத்த குறளின் இகழ்ச்சியும் மறதிதான். கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற பாட்டிலோ (புறநானூறு 192) பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் இணையாக வருகின்றன. வியப்பு ஒருவரை அளவுக்கு மேல் பொருட்படுத்துவது. இகழ்தல் அவரைக் கணக்கிலேயே கொள்ளாதது என்று படித்தால்தான் அந்த இணை முழுமையாகப் பொருந்தும்.

இதற்கு மறுப்பு உண்டு. 151ஆம் குறளில் தம்மை இகழ்வாரைப் பொறுத்தல் என்னும்போது அது வெறும் மறதியாக இருக்க முடியாது, அவமதிப்பேதான். ஒரே நூலில் இரு பொருளும் வழங்குவதால் எது முந்தியது என்பதைக் கால வரிசை கொண்டு நிறுவ இயலாது. பொருள் நகரும் திசையை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். பொருட்படுத்தாமை அவமதிப்பாக வளர்வது இயல்பு. அவமதிப்பு என்ற பொருள் தேய்ந்து மறதியாவது அரிது.

பாராட்டும் சொற்களே இதற்குத் துணை நிற்கின்றன. போற்றுதல் என்றால் காத்தலும் ஆகும். பாராட்டு என்பதை இன்று மேடைச் சொல்லாக்கிவிட்டோம். ஆனால் நட்பு பாராட்டுகிறோம், பகை பாராட்டுகிறோம், தீட்டுப் பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். "குறை பாராட்டாதீர்கள்" என்று விருந்தினரிடம் கேட்டுக்கொள்பவர், குறையைப் புகழவேண்டாம் என்றா சொல்கிறார்? மனத்தில் கொள்ளவேண்டாம் என்றே கேட்கிறார். இச்சொற்களில் பேச்சைவிடக் கருத்தூன்றுதலே முன்னிற்கிறது. இசையும் வசையும் வாயைச் சேர்ந்தவை. போற்றலும் பாராட்டலும் இகழ்தலும் மனத்தைச் சேர்ந்தவை.

அகராதி தொகுப்போர் எதிர்ச்சொற்களை ஒரே அடைப்புக்குள் கொட்டாமல், இசைக்கு வசை, புகழ்தலுக்கு இகழ்தல், அறம் சார்ந்த புகழுக்குப் பழி என்று வழக்குச் சான்றோடு பிரித்துத் தரவேண்டும். பொச்சாவாமைக் குறள்களுக்குப் புது உரை எழுதுவோர் இகழ்ச்சியை ஏளனம் என்று பெயர்க்காதிருந்தால் அதுவே பெரிய உதவி.