வாசலோடு நின்றுவிட்ட பாடம்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஓவியத்துக்கென்று தனி ஆசிரியர் இல்லை. ஓவியம், தையல், உடற்கல்வி போன்ற பாடங்களுக்காக 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டபோதும், அவர்கள் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கே போனார்கள். சிறு பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியர்தான் ஓவிய ஆசிரியர். பெரும்பாலும் அவர் ஒரு பெண். தமிழும் கணக்கும் நடத்தி, பதிவேடுகளை முடித்து, மிஞ்சும் நேரத்தில் கரும்பலகையில் ஒரு மாம்பழத்தைப் போட்டு, “பார்த்து வரைங்க” என்கிறார். அன்று காலை வீட்டு வாசலில் பதினைந்து புள்ளி வைத்து, கோடு எங்கும் அறுந்துபோகாமல் ஒரு சிக்குக் கோலத்தை முடித்துவிட்டு வந்தவரும் அவரே. அந்தக் கை வகுப்பறைக்குள் வருவதில்லை.

வாசலும் வகுப்பறையும் இப்படிப் பிரிந்ததற்கு ஒரு வரலாறு உண்டு.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. செதுக்குவேலை, மண்பாண்டம், வரைபடம் என்று அங்கே ஓவியம் தொழிலோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டது. வரையத் தெரிந்தவனுக்கு அலுவலகங்களிலும் பட்டறைகளிலும் வேலை கிடைத்தது. ஓவியம் சம்பளம் தரும் திறமையானது. ஆண்களின் திறமையாகவும் ஆனது.

பெண்பிள்ளைகளின் கையில் பள்ளி கொடுத்தது ஊசியை. நாகர்கோவிலில் 1820களிலேயே மிஷனரி மனைவியான மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். பின்னாளில் இடையன்குடியில் எலிசா கால்டுவெல் அதையே செய்தார். லேஸ் விற்ற காசில் சில பெண்கள் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் எழுத்துகள் சொல்கின்றன. ஆகவே ஊசியை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். நூலைக் கணக்கிட்டுப் பூவும் இலையுமாக வடிவம் எழுப்புவது வடிவமைப்பு அல்லாமல் வேறென்ன? ஆனால் பள்ளி அதற்குக் ‘கைவேலை’ என்று பெயரிட்டது. நான் படித்த காலத்திலும் ஓவிய மாஸ்டர் ஆண், தையல் டீச்சர் பெண். பையன்கள் வரைந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் கைக்குட்டைக்கு ஓரம் தைத்தோம்.

கோலம் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. ஓவியம் என்று அதை யாரும் எண்ணவில்லை. தையலைப்போல விற்கக்கூடிய பொருளாகவும் அது இல்லை. மாலைக்குள் மிதிபட்டு அழிந்துவிடும் ஒன்றை எந்த ஆய்வாளர் வந்து மதிப்பெண் போடுவார்?

வேறோர் இடத்தில் இது வேறு விதமாக நடந்திருக்கிறது. நந்தலால் போஸின் பொறுப்பில் இருந்த சாந்திநிகேதன் கலாபவனத்தில், வங்கப் பெண்கள் விரத நாட்களில் தரையில் வரையும் ஆல்பனா பாடமாயிற்று. அதைக் கற்பிக்க வந்த சுகுமாரி தேவி கிழக்கு வங்கக் கிராமத்தவர். வீட்டுத் தரையில் பழகிய கையோடு வந்த பெண்ணை ஆசிரியர் என்று ஒரு கலைப்பள்ளி ஏற்றுக்கொண்டது.

இங்கே கோலத்தை முதலில் பாடமாக எடுத்துக்கொண்டவர்கள் ஓவிய ஆசிரியர்கள் அல்லர், கணித அறிஞர்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், சிறு வடிவிலிருந்து பெருவடிவாகக் கோலம் வளரும் விதிகளை ஓர் இலக்கணமாகவே எழுதிக் காட்டினார்கள். மூவரில் இருவர் பெண்கள். இலக்கணம் படித்தவள் என்பதால் அந்தச் சொல் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. விதிகளை அறிந்து, அவற்றுக்குள் நின்று புதிதாக ஒன்றை ஆக்குபவளை நாம் புலவர் என்போம். கோலம் போடுகிறவளை அப்படி அழைத்ததில்லை.

பி.எட். சேரப்போகும் என் மாணவிகளிடம் கேட்பதுண்டு: “யாருக்கு வரையத் தெரியும்?” ஒன்றிரண்டு கைகள் தயங்கி எழும். “கோலம் போட?” ஏறக்குறைய எல்லாக் கைகளும் எழும். முதல் கேள்விக்கு இவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்தது வரைதல்தான் என்று எந்தப் பள்ளியும் இவர்களிடம் சொன்னதில்லை.

சரி, கோலத்தைத் தொடக்கப் பள்ளிப் பாடமாக்கிவிடலாமா? இங்கே எச்சரிக்கை வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். அது குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டது. 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. மகன் தந்தையின் தொழிலைக் கற்பான் என்றால் மகள் எதைக் கற்பாள்? தாயின் அடுப்படியைத்தான். தந்தையின் வேலைக்குத் தொழில் என்ற பெயராவது இருந்தது; தாயின் வேலைக்கு அதுவும் இல்லை. பொங்கல் விழாவில் மாணவிகளுக்கு மட்டும் கோலப்போட்டி வைத்துவிட்டுப் பண்பாட்டைக் காப்பாற்றியதாகச் சொல்லும் பள்ளிகள் அதே பாதையில்தான் நிற்கின்றன. விடியலில் எழுந்து வாசல் தெளிப்பது பெண்ணின் கடமை என்பதைக் கோலத்தின் பெயரால் பள்ளி மறுபடி சொல்லிக்கொடுக்கக் கூடாது.

வகுப்பறைக்குள் வரவேண்டியது அந்தக் கடமை அன்று, அதற்குள் இருக்கும் அறிவு. நேர்ப்புள்ளியில் நடுவரிசை ஏழு என்றால் இருபுறமும் ஐந்து, மூன்று, ஒன்று, மொத்தம் 25. ஊடுபுள்ளியில் அதே ஏழுக்கு இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு, மொத்தம் 37. ஏன் இந்த வேறுபாடு என்று மூன்றாம் வகுப்புப் பையன் யோசிக்கட்டும். கோட்டைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்க அவனும் திணறட்டும். செயல்வழிக் கற்றலுக்காகப் பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரில் அமைத்த கரும்பலகைகள் இன்னும் உள்ள பள்ளிகளில், ஆளுக்கொரு சாக்பீஸ் போதும். வாசலே இல்லாத ஒற்றை அறை வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, கோலம் போடும் வழக்கமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, பள்ளித் தரை பொதுவானது. இதை எந்தச் சாமியோடும் சேர்க்கத் தேவையில்லை. போட்டதை அழித்துவிட்டு இன்னொன்று போடலாம் என்பதே சிறு பிள்ளைக்குப் பெரிய தைரியம்; தாளில் பிழை செய்த பிள்ளைக்கு ரப்பர் தேடும் பதற்றம்தான் மிஞ்சுகிறது.

இதற்கும் வகுப்பாசிரியையின் மிச்ச நேரத்தையே கேட்டால் அது இன்னொரு வீட்டுவேலையாகிவிடும். தொடக்கப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் வேண்டும், முழுநேரப் பணியில், முழுச் சம்பளத்தில். அந்தப் பணிக்கான பயிற்சியில் பென்சிலோடு கோலமாவும் இருக்க வேண்டும். அங்கே ஆண்களும் குனிந்து புள்ளி வைக்கப் பழக வேண்டும்.