ராம்கட் முகாம்: சோறும் சம்பளமும் உருவாக்கிய படை

ராஞ்சியிலிருந்து ஹசாரிபாக் போகும் சாலையில் சுமார் 45 கி.மீ. தூரத்தில் ராம்கட் இருக்கிறது. ரஜ்ரப்பா கோயிலுக்குப் போகும் நம்மவர்களும், பார்சுவநாத மலைக்கு யாத்திரை போகும் எங்கள் சமணக் குடும்பங்களும் அந்த ஊரைத் தாண்டித்தான் போய் வருகிறோம். சீக்கிய ரெஜிமெண்ட் மையமும் பஞ்சாப் ரெஜிமெண்ட் மையமும் அங்கே இருப்பதால் அது ராணுவ ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சீன வீரர்கள் அங்கே பயிற்சி பெற்றார்கள் என்று சொன்னால், நம் பிள்ளைகள் "நெஜமாவா?" என்றுதான் கேட்பார்கள்.

நான் பட்டம் வாங்கிய ஆய்வாளன் அல்லன். தராசும் பேரேடும் வைத்துப் பிழைத்தவன். ஆகவே இந்த வரலாற்றையும் பற்று வரவுக் கண்ணோடுதான் பார்க்க வருகிறது. அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காட்டு வழியே வந்தவர்கள்

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. ஆங்கிலேயருக்குத் துணையாகப் பர்மாவுக்குள் வந்திருந்த சீனப் படைகள் சிதறின. அவற்றில் சுன் லி-ஜென் தலைமையிலான 38-ஆவது டிவிஷன் இம்பால் பக்கம் வந்து சேர்ந்தது. லியாவோ யாவ்-ஷியாங்கின் 22-ஆவது டிவிஷன் வட பர்மாக் காடுகளில் மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டு, பசியிலும் மலேரியாவிலும் பலரைப் பறிகொடுத்த பிறகே அஸ்ஸாம் எல்லையை அடைந்தது. இரண்டிலும் சேர்ந்து மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 9,000 பேர்.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த வழி புதிதல்ல. அதே ஆண்டில் பர்மாவிலிருந்து நடந்தே வந்த இந்தியர் லட்சக்கணக்கில் இருந்தனர். அவர்களில் தமிழர் நிறையப் பேர். ஊர் வந்து சேராமல் வழியிலேயே விழுந்தவர்களும் உண்டு. அகதிகள் போன பாதையிலேதான் அந்தச் சிப்பாய்களும் வந்தார்கள்.

சியாங் கை-ஷேக்குக்குப் படைத்தலைமை அதிகாரியாக இருந்த அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல்லும் 1942 மே 20-இல் கால்நடையாகவே இம்பால் வந்து சேர்ந்தவர். தோற்ற படையை இந்தியாவில் வைத்துப் பயிற்றி, பர்மாவை மீட்க வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்குக் கிடைத்த இடம் அன்றைய பீகார் மாகாணத்து ராம்கட். 1940 மார்ச்சில் மௌலானா ஆசாத் தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்த அதே ஊர். இத்தாலியப் போர்க்கைதிகளை வைத்திருந்த முகாம் அங்கே ஏற்கெனவே இருந்தது. அதைக் காலி செய்து, 1942 ஆகஸ்டு கடைசியில் பயிற்சி தொடங்கிற்று.

மூவர் கூட்டு வியாபாரம்

கூட்டு வியாபாரத்தில் யார் முதல் போட்டார்கள் என்று முதலில் பார்ப்போம் இல்லையா? ராம்கட்டில் ஆள் சீனாவுடையது. ஆயுதமும் ஆசிரியர்களும் அமெரிக்காவுடையது. இடம், அரிசி, சம்பளப் பணம் மூன்றும் ஆங்கிலேய இந்திய அரசுடையது.

இமயத் தொடரைத் தாண்டி குன்மிங்குக்குச் சரக்கு கொண்டுபோன விமானங்கள் திரும்பும்போது வெறுமனே வரவில்லை. புது ஆட்களை ஏற்றி வந்தன. இந்தியாவில் புதுச் சீருடை கிடைக்கும் என்பதால் பழையதை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டு, அரைகுறை உடையோடு அனுப்பினார்கள். அந்த உயரத்துக் குளிரில் உயிரை விட்டவர்களும் உண்டு. 1942 முடிவதற்குள் முகாமில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

வந்தவர்களுக்கு முதல் மருந்து சோறுதான். வயிறாரச் சாப்பாடு, தடுப்பூசி, கண்நோய்க்கும் மலேரியாவுக்கும் சிகிச்சை. சில வாரங்களிலேயே ஆட்கள் எடை கூடினார்கள். அதன்பின் துப்பாக்கி, மார்ட்டர், பீரங்கி, டாங்கி, காட்டுப் போர் என்று பாடங்கள் நடந்தன. மொழி தெரியாத ஆசிரியர்கள் செய்து காட்டியே சொல்லிக் கொடுத்தார்கள்.

என் மனசில் நின்றது சம்பள விஷயம். மொத்தப் பணத்தையும் தளபதி கையில் கொடுப்பது சீனப் படையில் வழக்கம். இறந்தவன் பெயரிலும் ஓடிப்போனவன் பெயரிலும் சம்பளம் வாங்குவது அங்கே சாதாரணம். ஸ்டில்வெல் இதற்கு ஒப்பவில்லை. ஆளை நிறுத்தி, எண்ணி, அவரவர் கையிலேயே ரூபாயைக் கொடுக்கச் செய்தார். தளபதி லோ சோ-யிங்கோடு இதனால் மனத்தாங்கல் முற்றி, கடைசியில் லோ மாற்றப்பட்டார். வேலை செய்தவன் கையில் கூலி சேர வேண்டும் என்பது எங்கள் கடைவீதியிலும் பழைய நியாயம்தானே!

பக்கத்து மாகாணம்

இந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டுட முடியாது. ராம்கட்டில் படை தேறிக்கொண்டிருந்த 1943-இல்தான் பக்கத்து வங்காளத்தில் பஞ்சம். 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் மதிப்பீடு. பர்மா அரிசி நின்றது, 1942 அக்டோபரில் புயல் அடித்தது, போருக்கென்று நெல்லும் படகுகளும் பறிக்கப்பட்டன, பதுக்கல் பெருகியது. பதுக்கியவர்களில் என் போன்ற வியாபாரிகள் இருந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சீன வீரர் உண்டதால்தான் வங்காளி பட்டினி கிடந்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களும் ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைகளே. ஆனால் அரசு மனம் வைத்தால், எலும்பும் தோலுமாக வந்த முப்பதாயிரம் பேரைத் தேற்ற முடியும் என்பதற்கு ராம்கட் சாட்சி. மனம் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வங்காளம் சாட்சி.

பிறகு

1943 நவம்பர் இறுதியில், கெய்ரோ மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் சியாங் கை-ஷேக்கே ராம்கட் வந்து படையைப் பார்வையிட்டார். அதற்குள் ஒரு பகுதி லேடோவிலிருந்து பர்மாவுக்குள் இறங்கியிருந்தது. 1944 ஆகஸ்டு 3-இல் மியிட்கினா விழுந்தது. லேடோ சாலை வழியே முதல் லாரி வரிசை 1945 பிப்ரவரி 4-இல் குன்மிங் சேர்ந்தது.

வென்றவர்களுக்கு வாழ்வு கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. உள்நாட்டுப் போரில் லியாவோவின் படை 1948-இல் மஞ்சூரியாவில் அழிந்தது, அவர் சிறைப்பட்டார். சுன் லி-ஜென் தைவான் போனார். 1955-இல் சதிக்குற்றம் சாட்டப்பட்டு 33 ஆண்டுகள் வீட்டுக்காவலில் இருந்தார். இரு சீனாவிலும் ராம்கட் வீரர்களைப் பற்றிப் பேச நெடுங்காலம் ஆள் இல்லாமல் போனது.

ராம்கட்–பத்ராது சாலைப் பக்கம் இன்றும் ஒரு சீனக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஆறு நூறு பேருக்கு மேல் அடக்கமாகியிருக்கிறார்கள். பிழைக்க வந்த ஊரில் நம் பெயர் நிலைக்க வேண்டும் என்று சங்கம் வைத்து மலர் போடுகிறோம் நாம். அவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. அடுத்த தடவை அந்த வழியாகப் போகும்போது பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தி, பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.