ஈரோட்டு எழுத்துச் சீர்திருத்தமும் அச்சுப்பெட்டியும்

மேலை அச்சுலகின் இட்டாலிக் எனும் சாய்வெழுத்து கையெழுத்திலிருந்து பிறந்தது. வெனிசு நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூசியஸ், பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அவ்வெழுத்தில் 1501ஆம் ஆண்டு வர்ஜிலின் நூலை வெளியிட்டார். விரைந்தெழுதும் கையின் பிணைப்புகளை அச்சில் காட்டக் கூட்டெழுத்துகள் பல தனித்தனியே வார்க்கப்பட்டன. கைக்கு எளிதானது அச்சுக்கோப்பவருக்குச் சுமையாயிற்று.

தமிழில் இட்டாலிக்கை ஒத்த துணையெழுத்து மரபாக உருவாகவில்லை. எனினும் ஓலையில் எழுத்தாணி பழக்கிய வளைவுகள் நேரெழுத்துக்குள்ளேயே தங்கின. ணா, றா, னா ஆகியவற்றில் துணைக்கால் தனித்து நில்லாமல் எழுத்தோடு பிணைந்து கீழே சுழிந்தது. ணை, லை, ளை, னை ஆகியவற்றில் இணைக்கொம்புக்கு மாறாக யானைத் துதிக்கை போன்றதொரு வளைவு முன்னே எழுந்தது. அழகிய வடிவங்கள்தாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பு வேண்டும்.

அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்து ஈரோட்டில் 1925இல் 'குடி அரசு' இதழைத் தொடங்கிய பெரியார், 1935இல் இவ்வடிவங்களை மாற்றி அச்சிடலானார். இம்மாற்றம் பெரும்பாலும் பகுத்தறிவு இயக்கத்தின் மொழிக்கொள்கையாகவே ஆராயப்படுகிறது. கற்பதற்கும் அச்சிடுவதற்கும் எளிமை வேண்டும் என்பதே அவர் முன்வைத்த காரணம். அதன் பிற்பாதி போதிய கவனம் பெறவில்லை.

மாறியவை பதின்மூன்று எழுத்துகள் என்பர். அச்சுக்கோப்பு நோக்கில் அவை ஏழே. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய ஆறும் கொம்போடு பிணைந்த ஆகார வடிவைச் சேர்த்துக் கோக்கத்தக்கவை. ஏழு வார்ப்புகளின் மிச்சம் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் எழுத்தின் அளவு ஒவ்வொன்றுக்கும், தடித்த எழுத்துக்கும் அவை தனித்தனியே வேண்டும். மேலும் 'அவனை', 'அவளை', 'இல்லை' போன்ற சொற்கள் வராத பக்கம் தமிழில் அரிது. அவ்வெழுத்துகளுக்கு அச்சுப்பெட்டியில் எப்போதும் தேவை மிகுதி.

சிக்கனம் மட்டுமே நோக்கமாயின் உகர, ஊகார வரிசைகளே முதலில் மாறியிருக்க வேண்டும். பதினெட்டு மெய்களுக்கும் முப்பத்தாறு வடிவங்கள் அங்கு உள்ளன. அவற்றைத் தொட்டால் புதிய குறிகளை வெட்டி வார்க்க வேண்டும். படிப்பவரும் அவற்றைப் புதிதாகப் பழக வேண்டும். மாறாக, 'கா'வுக்குரிய துணைக்காலும் 'கை'க்குரிய இணைக்கொம்பும் பெட்டியில் ஏற்கெனவே கிடந்தன. ஐ, ஔ என்பவற்றுக்கு அய், அவ் என எழுதும் முறைக்கும் புது அச்சு தேவைப்படவில்லை. கையிலிருந்த அச்சுகளைக் கொண்டே செய்யத்தக்கது எதுவோ அதுவே சீர்திருத்தத்தின் எல்லையாயிற்று எனக் கருத இடமுண்டு.

பெரியார் நூற்றாண்டையொட்டி 1978இல் தமிழக அரசு அப்பதின்மூன்றையும் ஏற்றது. அய், அவ் முறையை ஏற்கவில்லை. அதன் பின்னரும் முதியோர் கையெழுத்தில் துதிக்கை வளைவு நெடுங்காலம் நீடித்தது. இன்றைய ஒருங்குறியில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியெண்கள் ஒன்றே. எவ்வடிவம் தோன்றும் என்பதை எழுத்துரு வடிவமைப்பாளரே முடிவு செய்கிறார்.